பூஜையில் வைத்த இரும்பு

கதவுக்குப் பூட்டு பதிப்பது என் தொழில். பூட்டு, கீல், தாழ்ப்பாள். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய், கூப்பிட்ட வீட்டில் மரத்தைக் குடைந்து இரும்பை இறக்கிவிட்டு வருவேன். தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். லகாட்டைத் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில், கொஞ்சம் டுரியான் பழமரமும் கொஞ்சம் எண்ணெய்ச் செம்பனையும் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றி வரும். பன்றியைச் சுட ஒற்றைக் குழாய்த் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. தோட்டத்துக் காவலுக்கு இருந்தது அது. தோட்டத்தை விற்றபோது முறைப்படி அவர் அப்பா பேருக்கு மாறி, பிறகு அவர் பேருக்கு வந்தது. லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் புதுப்பிப்பார்.

அதன் கட்டையைக் கரையான் தின்றுவிட்டது. தோளில் வைக்கும் மரத்தைத்தான் கட்டை என்கிறேன். மச்சானே மெர்பாவ் மரத்தில் புதுக் கட்டை செதுக்கிவிட்டார். செதுக்குவது பெரிய காரியமில்லை. இரும்பை அதில் இறக்குவதுதான் காரியம். அதற்கு என்னிடம் வந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணிப்பையோடு வந்து சமையல்கட்டில் உட்கார்ந்தார். பையில் கட்டை இருந்தது. அடியில் பழைய துணியில் சுற்றி இரும்பு இருந்தது. விரலால் இழுக்கும் விசை, விசைக்கு அடியில் வரும் வளையம், தோட்டாவை வெடிக்க வைக்கும் உள்வேலைப் பெட்டி, தோளில் படும் பித்தளைத் தகடு.

"மச்சான், இது கூடாது. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. என் வீட்டுல இது இருக்கக் கூடாது" என்றேன்.

"குழாய் என் வீட்டுல இருக்கு மாப்ள. குழாய் இல்லாட்டி இது வெறும் இரும்பு லா. நீங்க தெனமும் பதிக்கிற பூட்டு மாதிரிதான்."

"துப்பாக்கிக் கடையில குடுக்கலாமே."

"குடுத்தேன். பழசு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கிறான். புதுசுக்கு மறுபடி எழுதிப் போட்டு, போலீஸ்காரன் வந்து பாத்து, அதுக்குள்ள பன்னி டுரியான முடிச்சிட்டு என்னையும் தின்னுரும்." என் கையைப் பார்த்தார். "என்ன மாப்ள, கை நடுங்குது? பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இப்படி நடுங்கல."

என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துவிட்டால் நான் வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னேன்.

இந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பின் மேல் புகை பிடிக்க வேண்டும். விளக்குச் சுடரின் மேல் காட்டினால் கரி படியும். அந்த இரும்பை மரத்தில் வைத்து மரச்சுத்தியால் லேசாகத் தட்டி எடுத்தால், மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் தடுக்கிறது. அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி புகை, மறுபடி தட்டு, மறுபடி சீவு. ஐம்பது தடவை, அறுபது தடவை. ஒரு தடவை அதிகமாகச் சீவிவிட்டால் திரும்ப வைக்க முடியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுப்புப் படும்போது இரும்பு உட்கார்ந்துவிட்டது என்று தெரியும்.

மண்ணெண்ணெய் விளக்கு வீட்டில் இல்லை. சூடம் கொளுத்தி அதில் காட்டினேன். நல்ல நைசான கரி.

"சாமிக்கு வச்ச சூடம்" என்றாள் மனைவி.

"உங்க அண்ணனுக்குத்தான."

"அவருக்கு நான் இவ்ளோ சூடம் காட்டுனதில்ல."

அந்தத் துப்பாக்கி கையால் செய்தது. நாலு திருகும் நாலு மாதிரி. ஒன்றின் ஓட்டையில் இன்னொன்று ஏறாது. எந்தத் திருகு எங்கே என்று காகிதத்தில் படம் போட்டு, அதன் மேலேயே வைத்திருந்தேன். பித்தளைத் தகட்டை முதல் நாள் முடித்தேன். வளையத்தைப் புதன்கிழமை முடித்தேன். உள்வேலைப் பெட்டி மட்டும் பாதியில் நின்றது. வியாழக்கிழமை ஆயுத பூஜை.

அன்று காலை வழக்கம்போல உளி, இழைப்புளி, துளைப்பான், சுத்தி எல்லாவற்றையும் கழுவி சாமி மேடையின் முன் வைத்தோம். மனைவி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அண்ணனின் இரும்பையும் எடுத்து வந்து வரிசையில் வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"அவரு தொழிலும் தொழில்தான."

பூஜையில் வைத்தால் அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் காலை பால் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுப்போம். என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியை அப்படித்தான் வைத்தார். நானும் அப்படித்தான்.

சாயங்காலம் மச்சான் போன் செய்தார். பின்னால் நாய் குரைக்கிற சத்தம்.

"மாப்ள, முடிஞ்சிச்சா? இப்ப வாரேன். நேத்து பன்னி வந்து டுரியான் கன்னு எல்லாத்தையும் நோண்டிருச்சு."

"பூஜையில வச்சிருக்கு மச்சான். பொட்டி இன்னும் சரியா உக்காரல. நாளைக்கு வாங்க."

"முடிஞ்ச மட்டும் குடுங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்."

"பூஜையில இருக்கிறத எப்படி எடுக்கிறது? நாளைக்குக் காலையில வாங்க."

"சரி லா. ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுது?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் டுரியான் மரத்தடியில் விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது கண் மட்டும் எங்களோடு வந்தது. இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வாய் கோணியது, சத்தம் வரவில்லை. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நர்ஸ் நின்றார்.

"இருக்கு மச்சான்" என்றேன். வேறென்ன சொல்ல?

எங்கள் வீடு வரிசை வீடு. பின்னால் சுண்ணாம்பு மலை, சுவர் மாதிரி நிற்கும். முன்னால் மட்டும்தான் ரோடு. இருபது வருஷமாக அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அந்த வாரம் தெரிந்தது. வாசலில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் பின்பக்கம் பார்ப்பேன். மலைதான் நிற்கும்.

திங்கட்கிழமை சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் லாரி ஓட்டுகிற ஒருவர் பேப்பரைப் பிரித்துவைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார். எங்கேயோ ஒருவனைத் துப்பாக்கியின் விசையை மட்டும் வைத்திருந்ததற்காகப் பிடித்தார்களாம்.

"முழு துப்பாக்கி இல்லையா?" என்று கேட்டேன்.

"துண்டா இருந்தா என்னா, முழுசா இருந்தா என்னா? சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. உள்ள வச்சு ரோத்தான் அடியும் குடுப்பான்."

"லைசென்ஸ் உள்ளவன் குடுத்து வச்சிருந்தா?"

"அப்ப ரெண்டு பேருக்கும். ஆமா, அண்ணன் ஏன் இவ்ளோ கேக்குறாரு? வீட்டுல பீரங்கி வச்சிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயாவைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனால் தெரிந்துவிடும் என்று முழுவதையும் குடித்தேன்.

அந்த இரும்பை முதலில் அரிசி டின்னில் வைத்தேன். பிறகு துணி துவைக்கும் மெஷினில். பிறகு சாமி மேடைக்கு அடியில். மூன்று இடத்திலும் அது இருப்பது வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மச்சானின் மனைவி போன் செய்தார். எனக்கு அவர் அக்கா முறை.

"தம்பி, ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்திச்சு. இவரு படுத்துட்டாருன்னு எப்படியோ தெரிஞ்சிருக்கு. லைசென்ஸ்காரரு இல்லாத வீட்டுல துப்பாக்கி இருக்கக் கூடாதாம். வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கிறாங்களாம். நான் அலமாரியத் தொறந்தேன். குழாய்தான் இருக்கு. மீதி எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்டயா தம்பி?"

"என்கிட்டதான்."

"ஐயோ."

அதற்குப் பிறகு நான் யோசித்தது இவ்வளவுதான். வீட்டில் வைத்திருந்தால் நான் மாட்டுவேன். எடுத்துக்கொண்டு போனால் வழியில் மாட்டுவேன். நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்தால், எப்படி உன்னிடம் வந்தது என்பார்கள். மச்சான் படுக்கையில் இருந்தே மாட்டுவார். நாலாவதாக ஒன்று இருந்தது. புதன்கிழமை லகாட் பக்கம் ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டு, ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைக் கரையில் வண்டியை நிறுத்தினேன். பச்சைத் தண்ணீர். ஆழம் யாருக்கும் தெரியாது. ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். இரும்பைக் கொண்டுவந்து இதில் போட்டால் போய்விடும். ஐந்து நிமிஷம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"போட்டுட்டு?" என்றாள். "வெள்ளிக்கெழம போலீஸ் வந்து குழாய் மட்டும் இருக்கே, மீதி எங்கன்னு கேட்டா அண்ணி என்ன சொல்லும்? வாய் பேச முடியாதவரக் கட்டிலோட புடிச்சிட்டுப் போகட்டுமா?"

"அப்ப நான் போறேனா?"

"அப்படி நான் சொல்லல."

"வேற என்ன சொல்ற?"

அவள் சூடப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

துப்பாக்கி முழுதாக, அவர் வீட்டு அலமாரியில், வெள்ளிக்கிழமை காலை இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. முழுதாக இருக்க வேண்டுமென்றால் பெட்டி கட்டைக்குள் இறங்க வேண்டும். வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. முன்கதவைச் சாத்தி, சமையல்கட்டில் உட்கார்ந்தேன். புகை பிடித்தேன், தட்டினேன், சீவினேன். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, "என்னா அக்கா, இன்னுமா பூஜை? சூட வாசம் வருது" என்று கேட்டார். என் மனைவி, "அண்ணனுக்கு வேண்டுதல்" என்றாள். அது பொய் இல்லை.

அவசரத்தில் உளி நழுவியது. இடது பக்கம் ஓரிடத்தில் ஒரு சீவல் அதிகமாகப் போய்விட்டது. பெட்டி உட்கார்ந்தது, ஆனால் அந்தப் பக்கம் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி. வாடிக்கையாளர் கதவாக இருந்தால் அந்த மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மரம் எடுப்பேன். அன்று வேறு கட்டை செதுக்க நேரமில்லை. பிறகு திருகுகளைக் கழற்றி எல்லாவற்றையும் பிரித்தேன். முழுதாக எடுத்துப் போக முடியாது.

கட்டையை, கதவுக்கு அடிக்கும் சட்டத் துண்டுகளோடு சேர்த்துக் கோணிப்பையில் கட்டினேன். இரும்பை வேலைப் பெட்டியில், பூட்டுகளுக்கும் உளிகளுக்கும் நடுவில் போட்டேன். மனைவி வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னாள். சந்தனம் குழைத்துக்கொண்டு வந்திருந்தாள். பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் மறுபடி பொட்டு வைத்தாள். உளிக்கு, சுத்திக்கு, பூட்டுக்கு, அந்த இரும்புக்கு. வாயில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்காகவா அண்ணனுக்காகவா என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். வேலைக்குப் போகிறவன் கிளம்பும் நேரம் அதுதான். லகாட் போகும் வழியில் ரோடு வளைகிற இடத்தில் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தார்கள். ரோட் பிளாக். வளைவைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. முன்னால் நாலு கார், பின்னால் ஒரு லாரி. திரும்ப இடமில்லை. திரும்பினால் அதைவிட மோசம்.

இளவயதுப் போலீஸ்காரர். மலாயில் கேட்டார். எங்கே போகிறாய், என்ன வேலை. கதவு வேலை என்றேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

திறந்தேன். கை நடுங்கவில்லை. ஏனென்று தெரியவில்லை. நடுங்கி முடிந்துவிட்டது போல.

அவர் குனிந்து பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மஞ்சள், நடுவில் சிவப்பு. உளியைத் தொடப் போனவர் கையை எடுத்துக்கொண்டார்.

"செம்பாயாங்?" என்று கேட்டார். சாமி கும்பிட்டதா என்று.

"ஆமாம். தொழில் சாமான்களுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

மூடச் சொல்லிவிட்டார். கோணியைத் தட்டிப் பார்த்தார், மரச்சட்டம் சத்தம் போட்டது. கையை வீசினார். நான் வண்டியைக் கிளப்பினேன். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதில் கிளம்பியது. எனக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. பின்னால் இருந்து கூப்பிடுவார்கள் என்று லகாட் கடைத்தெரு வரை காதைத் தீட்டிக்கொண்டே போனேன்.

அக்கா வாசலில் நின்றார். குழாயைத் துண்டில் சுற்றி மேசையில் வைத்திருந்தார். தொடவே பயந்து குச்சியால் துண்டுக்குள் தள்ளிச் சுற்றியதாகப் பிறகு சொன்னார். நான் உட்கார்ந்து பூட்டினேன். நாலு திருகு. குழாய் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பொட்டைத் துடைத்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்தேன். போய்விடலாம் என்று செருப்பைப் போட்டேன். அப்போது ஜீப் உள்ளே வந்தது. பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள்.

சார்ஜென்ட் வயசானவர். மலாய்க்காரர். அலமாரியைத் திறக்கச் சொல்லித் துப்பாக்கியை எடுத்தார், லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி நம்பரைக் குழாயோடு ஒத்துப் பார்த்தார். பிறகு கட்டையைத் திருப்பினார். இடது பக்கத்து இடைவெளியில் கட்டை விரலை வைத்து இழுத்தார். விரலில் கரி ஒட்டியது. கரியோடு கொஞ்சம் சிவப்பும். குங்குமம் அந்த நூல் இடைவெளிக்குள் போயிருந்தது. அவர் விரலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். என் நகக்கண் எல்லாம் கறுப்பு.

"கட்டை புதுசு" என்றார் மலாயில். "யார் போட்டது?"

அக்கா, "வீட்டுக்காரருதான்" என்று ஆரம்பித்தார். படுத்திருக்கிற ஆளின் மேல் இன்னும் ஒன்றை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

"நான்" என்றேன்.

வாசலில் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. சார்ஜென்ட் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார்.

"மரம் மட்டும்தான் உன்னிடம் வந்தது" என்றார். அது கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. "இரும்பு இந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை."

"மரம் மட்டும்தான்" என்றேன்.

"ஐசி கொடு."

கொடுத்தேன். அடையாள அட்டையில் இருந்த என் நம்பரைச் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என் பேருக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதினார். காயு சாஹாஜா. மரம் மட்டும். துப்பாக்கியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் மூன்று தடவை மணி அடித்த பிறகுதான் எடுப்பேன். பூட்டு பதிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் தெரியாத நம்பர்தான்.

ஏழு மாதம் கழித்து ஸ்டேஷனில் இருந்து மச்சானுக்குக் கடிதம் வந்தது. துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். அவரால் கரண்டியே பிடிக்க முடியவில்லை. ஒப்படைக்கிறேன் என்றார். பேச்சு பாதி திரும்பியிருந்தது. அக்காவும் நானும் அவரை அவர் காரில், சக்கர நாற்காலியோடு அழைத்துப் போனோம்.

அதே சார்ஜென்ட். துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தாளில் மச்சானின் இடது பெருவிரலைப் பதிக்க வேண்டும். நாற்காலி மேசைக்கு எட்டவில்லை. துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தினால் தாளைக் கிட்டே இழுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"தொடாதே" என்றார் சார்ஜென்ட்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரே நகர்த்தினார். இடது பக்கம் எங்களைப் பார்த்துத் திரும்பியது. அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

மச்சான் விரலைப் பதித்தார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார். புதுக் கட்டையோடு அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் பக்கம் தலையைத் திருப்பி, வாயைக் கோணிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினார்.

"மாப்ள... பொட்டி... உக்காந்திச்சா?"

இரும்பு என்னிடம் வரவில்லை என்று எழுதி வைத்த ஆள் எதிரில் நிற்கிறார். அக்கா தரையைப் பார்த்தார்.

சார்ஜென்ட் என்னைக் கேட்டார். "என்ன சொல்கிறார்?"

"வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாளை மடித்தார்.

"போகலாம்" என்றார்.

காரில் ஏற்றி, கதவைச் சாத்தி, ரோட்டுக்கு வந்த பிறகு மச்சான் மறுபடி அதையே கேட்டார். பதில் சொல்லாமல் விடமாட்டார் என்று தெரிந்தது.

"ஒரு பக்கம் சரியா உக்காரல மச்சான். ஒரு நூல் எடவெளி."

அவர் பாதி வாயால் சிரித்தார்.

"பூஜ... அன்னிக்கே... குடுத்திருந்தா..."

"குடுத்திருந்தா நீங்களே பதிச்சு ரெண்டு நூல் இருந்திருக்கும்."

அவர் சிரித்தபோது எச்சில் வழிந்தது. அக்கா துடைத்துவிட்டார். நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். யாரும் வரவில்லை.